ஆள் தெரியவில்லை

என் தகப்பனார் என்னை முதல் தடவையாக மரியாதைப் பன்மையில் அழைத்தது அவருடைய எழுபத்தொன்றாவது வயதில். காட்டூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பொன்னேரியில் பஸ் மாறி வந்திறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். "வாங்க, குந்துங்க. பையன் இன்னிக்கு வரேன்னான், இன்னும் காணோம்" என்றார். அந்தப் பையன் நான். "நைனா" என்றேன். குரல் காதில் விழுந்த மாத்திரத்தில் முகம் மாறிற்று. "நீதானா? வாயத் தொறந்தா என்னடா?" என்று கோபித்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு அவருக்கு லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. இடது கை ஒரு வாரம் மரத்துக் கிடந்து சரியாயிற்று. ஆட்களை மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்பதை வீட்டில் மறதிக் கணக்கில் எழுதிவிட்டார்கள். கண்ணில் புரை இருக்கிறது என்று ஒரு முகாமில் சொன்னார்கள், அறுவையும் ஆயிற்று. தூரத்துப் பனையின் மட்டைகளை எண்ணிச் சொல்கிற அளவுக்குப் பார்வை துலங்கியது. எதிரில் நிற்கிற மகளை யாரென்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் பின்பகுதியில், வலது பக்கத்து அடியில், ரத்தம் போகாமல் ஒரு சிறிய இடம் செத்துப்போயிருக்கிறது என்றார். கண்ணில் கோளாறு இல்லை. புத்தியிலும் இல்லை. முகத்தை முகமாகப் பார்த்துக்கொண்டிருந்த இடம் போய்விட்டது.

மருத்துவரைவிட நைனா துல்லியமாகச் சொன்னார்: "கண்ணு தெரியுது. மூக்கு தெரியுது. மீசை தெரியுது. ஆளு தெரியல."

தமிழில் 'தெரிதல்' கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கும், அறிவுக்குப் புலப்படுவதையும் குறிக்கும். விளக்கு தெரிகிறது, விஷயம் தெரிகிறது. ஒரு சொல் இரண்டையும் தாங்குவதால் இரண்டும் ஒரே காரியம் என்று நாம் இருந்துவிட்டோம். நைனாவின் பேச்சில் அந்தச் சொல் நடுவில் பிளந்துவிட்டது. உறுப்புகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. ஆள் தெரியவில்லை. உறுப்புகளைக் கூட்டினால் ஆள் கிடைத்துவிடும் என்பது உண்மையானால், கண், மூக்கு, மீசை என்று எல்லாமும் கையில் உள்ள ஒருவருக்கு அந்தக் கூட்டல் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வி எனக்குப் படிப்பினால் வந்ததில்லை. என்னைப் பார்த்து 'வாங்க' என்று சொன்ன வாயிலிருந்து வந்தது.

முதலில் நான் அவரைச் சந்தேகித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணம், படகுகள். சாயங்காலம் கரையில் அவரோடு உட்கார்ந்திருந்தால், ஏரியில் புள்ளியாகத் தோன்றும்போதே இது இன்னாருடைய படகு என்று சொல்வார். நிறம் தெரிவதற்கு முன்பே சொல்வார். பக்கவாதத்துக்குப் பிறகும் அது அவரிடம் அப்படியே இருந்தது. "மூணாவதா வருதே, அது உங்க மாமன் படகு" என்பார். படகு கரை சேரும். மாமா இறங்கி வந்து எதிரில் நிற்பார். நைனா அவரை நிமிர்ந்து பார்த்து, "யாருங்க?" என்பார். மாமாவுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. படகைத் தெரிகிறவனுக்கு மச்சானைத் தெரியாதா?

அவர் ஊகித்துச் சொல்கிறாரோ என்றும் நினைத்தேன். பழவேற்காட்டு ஏரியில் சுத்துவலைக்காரர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வளைப்பது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். அந்த முறை மனசில் இருந்தால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்தே யாருடைய படகு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆகவே கரையில் இழுத்துப் போட்டிருந்த பன்னிரண்டு படகுகளை என் கைப்பேசியில் படம் பிடித்து, வரிசையைக் கலைத்து, வீட்டுக்குள் வைத்துக் காட்டினேன். பதினொன்றைச் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, "எப்படின்னா? அது அதுதான்" என்றார். பிறகு அவருடைய கல்யாணப் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். இருவரில் தான் யார் என்பதை வேட்டியை வைத்துச் சொன்னார். அம்மாவைத் தாலியை வைத்துச் சொன்னார். அதன் பிறகு நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. சோதித்ததற்காக வெட்கப்பட்டேன்.

இந்தக் குறைக்கு ஜெர்மானிய மருத்துவர் யோவாக்கிம் போடாமர் 1947ல் பெயர் வைத்தார். ப்ரொஸொபக்னோஸியா. கிரேக்கத்தில் முகம், அறியாமை என்ற இரு சொற்களின் சேர்க்கை. அவர் விவரித்தவர்களில் ஒருவன் போரில் தலையில் குண்டு பட்ட 24 வயது இளைஞன். அவனால் சொந்தக்காரர்களை அறிய முடியவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையும் அறிய முடியவில்லை. 1993ல் இங்கிலாந்தில் இன்னொருவரைப் பற்றிய அறிக்கை வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு மனித முகங்களை இழந்த அவர், ஆடு வளர்க்க ஆரம்பித்தார். மந்தையில் எந்த ஆடு எது என்று முகம் பார்த்துச் சொன்னார். எங்கள் மாமாவிடம் இதை நான் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சீமையிலும் ஒருத்தன் ஆட்டைத் தெரிந்துகொண்டு மச்சானை மறந்தான் என்பது ஒரு ஆறுதல்தான்.

முகத்தை நாம் முழுதாகப் பார்க்கிறோம் என்பதற்கு எளிய அத்தாட்சி, அதைத் தலைகீழாகத் திருப்புவது. 1969ல் ராபர்ட் யின் இதைச் சோதித்தார். வீடு, விமானம் முதலியவற்றின் படங்களைத் தலைகீழாக்கினால் அவற்றை ஞாபகத்திலிருந்து இனம்காண்பது ஓரளவு சிரமமாகிறது. முகத்தைத் தலைகீழாக்கினால் சிரமம் மிக அதிகமாகிவிடுகிறது. 1980ல் பீட்டர் தாம்ஸன் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் படத்தை எடுத்து, கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். முழுப்படத்தையும் கவிழ்த்துப் பார்த்தால் அதில் ஒரு விபரீதமும் தோன்றாது. நிமிர்த்தினால் கோரமாக இருக்கும். கவிழ்ந்த முகத்தில் நாம் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். நிமிர்ந்த முகத்தில் உறுப்புகளுக்கு முன்னால் முகம் வந்து நின்றுவிடுகிறது. நைனாவுக்கு உலகத்து முகங்கள் எல்லாம் கவிழ்ந்துவிட்டன என்று நான் இதை விளங்கிக்கொண்டேன்.

இன்னொரு சோதனை 1987ல் வந்தது. தெரிந்த ஒருவரின் நெற்றியையும் கண்களையும் வேறொருவரின் மூக்குக்கும் வாய்க்கும் மேல் சரியாகப் பொருத்தினால், மேல்பாதி யாருடையது என்று சொல்லத் தடுமாறுகிறோம். இரண்டு பாதிகளும் கலந்து மூன்றாவது ஒரு ஆள் உண்டாகிவிடுகிறான். பாதிகளைச் சற்று விலக்கி வைத்தால் அந்த ஆள் மறைகிறான். பழைய இருவரும் திரும்பி வருகிறார்கள். பிறக்கும்போதே இரு கண்ணிலும் புரையோடு பிறந்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே அது அகற்றப்பட்டவர்களை வைத்து 2004ல் இதே சோதனையைச் செய்தார்கள். வளர்ந்துவிட்ட அவர்கள் ஏமாறவில்லை. பொருத்திய படத்தில் நம்மைவிட நன்றாகச் சொன்னார்கள். தவறு செய்யாததுதான் அவர்களுடைய குறை. பிறந்த முதல் சில மாதங்கள் முகங்களைப் பாராமல் கழிந்தது, பின்னால் எத்தனை வருஷம் பார்த்தும் ஈடாகவில்லை.

1890ல் எஹ்ரென்ஃபெல்ஸ் ஒரு ராகத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு இந்தப் பிரச்னையை எழுப்பினார். சுருதியை மாற்றிப் பாடினால் ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் வேறாகிவிடுகின்றன. மெட்டு அதே மெட்டாக இருக்கிறது. அப்படியானால் மெட்டு எங்கே இருக்கிறது? அவருக்குப் பின் வந்த வெர்தைமர், கோலர், காஃப்கா ஆகியோர் இதை ஒரு மனோதத்துவமாகவே வளர்த்தார்கள். முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் என்று அவர்கள் சொன்னதாக எல்லா இடத்திலும் எழுதப்படுகிறது. காஃப்கா சொன்னது, முழுமை கூட்டுத்தொகையிலிருந்து வேறானது என்று. அதிகம் என்றால் கூட்டலைச் செய்து மேலே எதையோ சேர்க்கிறோம் என்றாகும். வேறு என்றால் கூட்டலே நடக்கவில்லை. நைனாவின் "அது அதுதான்" காஃப்காவின் பக்கம் இருக்கிறது.

இந்த 'வேறு' எங்கிருந்து வருகிறது? பிறந்து ஒரு மணி நேரமே ஆன குழந்தைகூட, முகம் போன்ற ஒரு அமைப்பை நகர்த்திக் காட்டினால், அதே உறுப்புகள் கலைந்த அமைப்பைவிட அதை அதிகம் பின்தொடர்கிறது. ஒரு வித்து கூடவே வருகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன வயசில் அந்த வழியாகப் போகவே பயம். இரண்டு குழி, ஒரு ஓட்டை, ஒரு வரிசைப் பல். அவ்வளவுதான் கல்லில் இருக்கிறது. ஆனால் யாரோ பார்க்கிறார்கள். இல்லாத முகத்தைக் கல்லில் பார்த்துவிடுகிற இதே சக்திதான், இருக்கிற முகத்தைக் கூட்டத்தில் கண்டெடுக்கிறது. இது பொய்யும் சொல்லும் என்பதை முழுமை என்றவுடன் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வித்து மட்டும் போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்ஹா இந்தியாவில் நடத்திவரும் பிரகாஷ் என்ற திட்டத்தில், பிறவிக் குருடாக வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை செய்து பார்வை தருகிறார்கள். அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்றும் கவனிக்கிறார்கள். தாமதமாகப் பார்வை பெற்ற மூன்று பேரைப் பற்றி 2009ல் ஒரு கட்டுரை வந்தது. ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு சதுரங்களை வரைந்து காட்டினால், அவர்களுக்கு இரண்டு சதுரம் தெரியவில்லை. கோடுகள் வெட்டிக்கொண்ட துண்டுகள் ஒவ்வொன்றும் தனிப் பொருளாகத் தெரிந்தது. நிறம் மாறுகிற இடமெல்லாம் ஒரு எல்லை. உலகம் ஒட்டுப்போட்ட துணியாக இருந்தது. ஆனால் சதுரங்களில் ஒன்று அசைந்தவுடன், சேர்ந்து அசைகிற துண்டுகள் சேர்ந்து ஒரு பொருளாயின. அசைவு முழுமையைக் கற்றுக்கொடுத்தது. மாதங்கள் போகப் போக, அசையாத படத்திலும் பொருள்கள் தெரியலாயின.

இது எனக்குப் படகுகளை விளக்கியது. நைனா ஐம்பது வருஷம் பார்த்தவை அசைகிற படகுகள். ஒவ்வொன்றும் அலையில் மூக்கைத் தூக்குகிற விதம், பாரம் ஏறினால் சாய்கிற பக்கம் எல்லாம் சேர்ந்து அது அதுவாயிற்று. பின்பு கைப்பேசிப் படத்தில் அசையாமல் கிடந்தபோதும் அது அதுவாகவே இருந்தது.

அயர்லாந்தின் வில்லியம் மாலினூ, தத்துவஞானி ஜான் லாக்குக்கு 1688ல் ஒரு கேள்வி அனுப்பினார். தொட்டுத் தொட்டு உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடனுக்குப் பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வானா? மாலினூவின் மனைவி பார்வை இழந்தவர். கேள்வி வெறும் விளையாட்டாக இருந்திருக்க முடியாது. பிரகாஷ் திட்டத்தின் பிள்ளைகள் ஐந்து பேர், 8 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள், பதில் சொன்னார்கள். அது 2011ல் பிரசுரமாயிற்று. பார்வை வந்தவுடன் அவர்களால் முடியவில்லை. கையில் இருந்த முழுமை கண்ணுக்கு வரவில்லை. சில நாட்கள் பொருள்களோடு புழங்கிய பிறகு வந்தது.

கையின் முழுமையை நான் எங்கள் ஏரியில் பார்த்திருக்கிறேன். இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பறியில் போடுவார்கள். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. விரலில் மீசை பட்டதும் இறாலின் தலை எந்தப் பக்கம், எப்படிப் பாயும் என்று முழு இறாலும் கைக்குத் தெரிந்துவிடுகிறது. படகும் வலையும் பாட்டுச் சீட்டும் இல்லாத அவர்களுக்கு ஏரியில் இருந்த உரிமை அந்தக் கை மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவருகிற இருளர் பெண்மணி ஒருத்தி உண்டு. அவளுக்கு ஒரு தங்கை. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் ஒரு நாள் தங்கையிடம் கொடுக்க வேண்டிய காசை அக்காளிடம் கொடுத்துவிட்டேன். நைனா கேட்டதற்கு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க" என்றேன். அவர் அடிக்கிறவர் இல்லை, அன்று அடித்தார். "உன்னையும் என்னையும் பார்த்து டவுனுக்காரன் அதைத்தான் சொல்றான்" என்றார். வேற்று மக்களின் முகங்கள் ஒன்றுபோலத் தோன்றும் என்பது மனோதத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். யாரோடு வளர்கிறோமோ அவர்களுடைய முகங்களுக்கே கண் பழகுகிறது. ஆனால் நாங்களும் அவர்களும் ஒரே கரையில், கூப்பிடு தூரத்தில் வளர்ந்தோம். கண் பழகாததற்குத் தூரம் காரணம் இல்லை. நான் அவர்களைப் பார்த்ததும் என் எதிரில் வந்து நின்ற முழுமை 'இருளர்' என்பது. அந்தப் பெரிய முகம் சின்ன முகங்களை மறைத்துவிட்டது. நைனாவுக்கு மூளையில் ஒரு இடம் செத்து முகங்கள் போயின. எனக்கு ஒன்றும் சாகாமலே போயிருந்தன.

இந்தப் பக்கங்களில் கவிதையைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் இப்போது திரும்பப் பார்க்கிறேன். படிமம் இது, தொனி இது, இந்த வரியில் மௌனம் இருக்கிறது என்று கண், மூக்கு, மீசை கணக்கு நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு கவிஞனை அவன் மீசையை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, தெரிந்தவன்போல் பேசியிருக்கிறேன். எதிர்த்தரப்பில், கவிதை முழுமையான அனுபவம், அதைத் தொடாதே என்றவர்களும் உண்டு. அவர்களில் பலர், நான் இருளரைப் பார்த்ததுபோல் 'புதுக்கவிதை' என்ற ஒரு பெரிய முகத்தைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குப் படுகிறது. ஒரு கவிதை அதுவாகத் தெரிவது, அதோடு புழங்கி, அது நமக்குள் அசைவதைப் பார்த்த பிறகு. அந்த உழைப்பைப் பகுப்பாய்வினாலும் தாண்ட முடியாது, பக்தியினாலும் தாண்ட முடியாது.

நைனா இன்னும் மூன்று வருஷம் இருந்தார். நாங்கள் பழகிக்கொண்டோம். வாசலில் கால் வைக்கும் முன்பே நான் செருமுவேன். மாமா படகிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவார். அக்காள் எப்போதும் ஒரே நிறத்தில் புடவை கட்டினாள். நைனா எங்களை அடையாளம் கண்டார். ஆனால் அது கூட்டல் கணக்கு. செருமல், உயரம், நடை, ஆகவே மகன். விடை சரியாக வரும்போதெல்லாம் சின்னதாக ஒரு நிம்மதி அவர் முகத்தில் ஓடும். பரீட்சையில் தேறிய பிள்ளையின் நிம்மதி. அதைப் பார்ப்பது எனக்கு 'வாங்க'வைவிடக் கஷ்டமாக இருந்தது.

இறால்காரப் பெண்மணிக்கு இந்த விஷயத்தை யாரும் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு நாள் நான் இருக்கும்போது வந்தாள். திண்ணையில் அவரெதிரில் குந்தினாள். ஒன்றும் பேசவில்லை. அவர் அவளை அயலாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் பறிக்குள் விட்டாள். உயிரோடு இருந்த இறால்கள் துள்ளின. அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் துழாவிக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்கு நீ வந்தியா? தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

அக்காள் யார், தங்கை யார் என்று அவர் எதை வைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவள் முகம் அன்றுதான் தெரிந்தது.